ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்குமா உடல்?

பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் போதும் என்ற முடிவை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. என்.சி.இ.ஆர்.டி. வழிகாட்டுதலின்படி ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சொல்லித்தருகிறோம் என்று உத்தரப் பிரதேச அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருந்தது. இன்னும் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும், பொறுப்பில் உள்ளவர்கள் யோசித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். வாசகர்கள் இதையெல்லாம் படித்திருப்பார்கள். நம்மை ஆத்திரப்படுத்துவது அந்தப் பத்திரத்தில் இருந்த நிம்மதி. ஒன்பதாம் வகுப்பு என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நம்புகிறவர்களின் நிம்மதி அது.

அது எங்கோ வடக்கே நடந்த விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டிலும் வளரிளம் பருவமடைதல் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 13. ஒன்பதாம் வகுப்பு என்றால் 14. பெண் குழந்தைகளுக்கு மார்பு அரும்புவது எட்டு வயது முதல் பதின்மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பது மருத்துவம் படித்த எவருக்கும் தெரியும். எட்டுக்கு முன்பே தொடங்கினால்தான் முன்கூட்டிய பூப்பு என்று கவனிக்கிறார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் ஊசி போட்டுத் தள்ளிவைக்கிறார்கள். அரும்பத் தொடங்கி இரண்டு, இரண்டரை வருடத்தில் பொதுவாக முதல் மாதவிடாய் வந்துவிடும். அதாவது, எட்டு வயதில் மாற்றம் தொடங்கிய பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே வயதுக்கு வந்துவிடுகிறாள். அவளுக்கான பாடம் அதற்கு மூன்று நான்கு வருடம் கழித்து வருகிறது.

பாடம் வராவிட்டாலும், ஆட்டிசம் இல்லாத பிள்ளைகள் எப்படியோ தெரிந்துகொள்கிறார்கள். அக்காவின் அலமாரி, கடைசி பெஞ்சுக் கிசுகிசு, டி.வி. விளம்பரம், பெரியம்மா வீட்டு விசேஷம் என்று அரைகுறையாகவாவது காதில் விழுந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள சிறுமிக்கு இந்த வழிகள் பெரும்பாலும் திறந்திருப்பதில்லை. ஜாடையாகச் சொன்னால் அவளுக்குப் புரிவது கடினம். பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசும் தோழி பெரும்பாலும் அவளுக்கு இல்லை. நேராக, தெளிவாக, படம் காட்டி, பலமுறை சொன்னால்தான் அவளிடம் போய்ச் சேரும். யாருக்கு எல்லோரையும்விட முன்னதாகச் சொல்லித்தர வேண்டுமோ, அவளுக்கு எல்லோரையும்விடப் பிந்திச் சொல்கிறோம். பல வீடுகளில் சொல்வதே இல்லை.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள சிறுமிகளுக்கு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்பதரை மாதம் முன்னதாக முதல் மாதவிடாய் வருவதாகக் கண்டது. எல்லா ஆய்வுகளும் இதையே சொல்லவில்லை. ஒரே வயதில் வந்தால்கூட இந்தப் பிள்ளைக்கு ஆயத்தமாகக் கூடுதல் காலம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எவ்வளவு காலம் என்பது, ஒன்பதாம் வகுப்பு என்று முடிவெடுத்தவர்கள் யாராவது ஒரு சிறப்புப் பயிற்றுநரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாப்கின் ஒட்டுவதை ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. அதன் உறையைப் பிரிக்கும்போது வரும் சரசரப்பே சில பிள்ளைகளைக் காதைப் பொத்திக்கொள்ள வைக்கும். சிலருக்கு அதன் வாசனை ஆகாது, சிலருக்குத் தொடை இடுக்கில் பிளாஸ்டிக் உரசுவது தாங்காது, பிய்த்து எறிந்துவிடுவார்கள். அதனால் ரத்தம் வருவதற்குப் பல மாதம் முன்பே நாப்கினைக் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். முதலில் பொம்மைக்கு வைத்துக் காட்ட வேண்டும். பிறகு வீட்டில் அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம் என்று வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, இப்படித்தான் இருக்கும், இது காயம் இல்லை என்று காட்ட வேண்டும். கழிவறைக் கதவைச் சாத்துவது, பழையதை எடுப்பது, காகிதத்தில் சுற்றுவது, கூடையில் போடுவது, புதியதை ஒட்டுவது, கை கழுவுவது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு படஅட்டை செய்து கழிவறைச் சுவரில் கண்மட்டத்தில் ஒட்ட வேண்டும். யார் உதவிக்கு வரலாம், யார் தொடக் கூடாது, யாரிடம் சொல்லலாம், எங்கே பேசக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். 'சமூகக் கதை' என்று கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இதுபோன்றவற்றைச் சொல்லித்தர உலகமெங்கும் பயன்படுகிறது. தன் பெயரும் தன் வீட்டுக் கழிவறையும் தன் அம்மாவும் வரும் சின்னக் கதையைப் பிள்ளை நூறு முறை கேட்டால் அது மனதில் நிற்கிறது. எதற்கும் பெரிய செலவு இல்லை. காலம்தான் வேண்டும். அந்தக் காலத்தைத்தான் ஒன்பதாம் வகுப்பு என்ற ஒரு வார்த்தையில் பறித்துவிட்டார்கள்.

பறித்ததன் விளைவு என்ன? ஆட்டிசம் உள்ள பத்து வயது மகளின் தாய் ஒருவர் நம்மிடம் சொன்னார். அடிபட்டு ரத்தம் வந்தால் ஒளிக்கக் கூடாது, உடனே மிஸ்ஸிடம் போய்க் காட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பிள்ளைக்குச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். இடைவேளையில் கழிவறைக்குப் போனவள் ரத்தத்தைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்தபடியே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளாடை இல்லாமல், வராந்தா வழியே நடந்து வகுப்புக்குப் போய் ஆசிரியையிடம் காட்டினாள். வகுப்பு முழுக்க நாற்பது பிள்ளைகள். சிரித்தார்கள். ஆசிரியை பதறிப்போய் அவள் கையில் அடித்தார். மறுநாள் பள்ளியிலிருந்து தொலைபேசி: "மாசாமாசம் அந்த அஞ்சு நாளும் வீட்டுலயே வச்சுக்கோங்கம்மா." அந்தத் தாய்க்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். "நான் சொன்னதைத்தான் சார் அவ செஞ்சா. ஒரு தப்பும் பண்ணல. காயத்துக்குச் சொல்லிக்கொடுத்த நான் இதுக்குச் சொல்லிக்கொடுக்கலையே. எனக்கு யாரு சொன்னா, ஒன்பது வயசுலயே சொல்லணும்னு?"

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் வேறு வேலையில் இருந்தார்கள்.

அவர்களுடைய பழைய கணக்கையும் புரட்டிப் பார்த்துவிடலாம். ஒருவர் போய் இன்னொருவர் வந்தாலும் புத்தி மாறாததால் அவர்கள் என்றே எழுதுகிறோம். 1995-ல் மாற்றுத்திறனாளிகளுக்கென்று சட்டம் வந்தபோது ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டார்கள். ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ல் புதுச் சட்டம் வந்து 21 வகைகளில் ஒன்றாகச் சேரும்வரை இந்தப் பிள்ளைகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 2005-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நிறைவானது என்று நாம் சொல்லவில்லை, ஆனால் ஒரு தொடக்கமாக இருந்தது. 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் அதைப் பண்பாட்டின் பெயரால் தடுத்தன. 2009-ல் மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று அறிக்கை கொடுத்தது. 2017-ல் நாப்கினுக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு, நாடே எதிர்த்த பிறகு ஒரு வருடம் கழித்து விலக்கினார்கள்.

நல்ல நோக்கத்தோடு செய்ததிலும் இதே கோளாறுதான். தமிழ்நாட்டில் 2011-ல் அறிவித்த 'புது யுகம்' திட்டம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. கிராமத்துப் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுத்தது. ஆனால் வயது 10 முதல் 19 வரை. 2014-ல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவ நலத் திட்டத்துக்கும் அதே 10 முதல் 19. ஒன்பது வயதில் பூப்படைந்த குழந்தை எந்தப் பதிவேட்டில் வருவாள்? யாருடைய கணக்கிலும் வரமாட்டாள்.

இந்த அலட்சியம் போய் முடிந்த இடமும் நமக்குத் தெரியும். 1994-ல் புனேயில், அரசு காப்பகத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு அரசு மருத்துவமனையில் கருப்பையை அறுத்து எடுத்தார்கள். மாதவிடாய் நாட்களில் அவர்களால் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம். நாப்கின் வைக்கச் சொல்லித்தராமல் கத்தியை எடுத்தார்கள். இனப்பெருக்கம் பற்றிய தகவல் கிடைக்கச் செய்வது அரசின் கடமை, சம்மதமில்லாமல் கருத்தரிக்க முடியாதபடி எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்று 2016 சட்டத்தின் 10-வது பிரிவு இன்று சொல்கிறது. அந்தத் தகவலை எந்த வயதில், யார், எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் இன்றும் யோசிக்கவில்லை. யோசிக்காததால், தனியாகப் போராடும் தாய்மார்கள் மருத்துவரிடம் போய், "எடுத்துடலாமா டாக்டர்?" என்று கேட்கும் நிலை இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர்கள் வாயில் வைத்தது யார்?

சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசினால் கெட்டுப்போவார்கள் என்பது இவர்களின் பழைய பல்லவி. எது கெடுதல்? தன் உடம்பில் எந்த இடத்தை யார் தொடக் கூடாது என்று தெரிந்திருப்பதா, தெரியாமல் இருப்பதா? சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளைதான் தவறு செய்கிறவனுக்கு வசதி. பண்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம் பண்பாட்டையாவது கவனித்திருக்க வேண்டும். பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் பிடித்து, மாமன் சீர் வரிசை வைத்து, ஒலிபெருக்கி கட்டி, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு நடத்துகிற சமூகம் இது. ஊருக்கே சொல்வதில் கூச்சமில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டிச் சொல்வதில்தான் கூச்சம். ஆட்டிசம் உள்ள சிறுமியை அந்த ஒலிபெருக்கிக்கும் பட்டுப் புடவைக்கும் கன்னத்தைத் தொடும் ஐம்பது கைகளுக்கும் நடுவில் உட்கார வைப்பது எவ்வளவு கொடுமை என்பதைத் தனியாகவே எழுத வேண்டும்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் மாதவிடாய் வந்த எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். தனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்த, வாய் திறந்து சொல்லக்கூடிய பிள்ளைக்கே அந்த கதி. வாய் பேசாத பிள்ளையைச் சிறப்புப் பள்ளியிலோ சாதாரணப் பள்ளியிலோ எங்கே உட்கார வைத்திருப்பார்கள் என்று கேட்டுப் பார்க்க யாருக்காவது துணிவு உண்டா?

ஆகவே ஒன்பதாம் வகுப்பு என்று போட்டிருக்கும் இந்தக் கோட்டை அழிக்க வேண்டும். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் உடம்பைப் பார்த்துத் தொடங்கும் ஏற்பாடு வேண்டும். அதை வட்டார வள மையம் வழியாகச் செய்வதா, அங்கன்வாடி வழியாகவா, ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியர் வழியாகவா என்பதைப் பொறுப்பில் உள்ளவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலேயே மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று பல்வகைக் குறைபாடுடையோருக்காக இயங்குகிறது. வழி தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இதைப் பற்றி அடுத்த முறை பேச உட்காரும் அறையில், இந்தப் பிள்ளைகளின் தாய்மார்களும், வளர்ந்து நிற்கும் ஆட்டிசம் உள்ள பெண்களும் இல்லாமல் ஒரு வரிகூட எழுதப்படக் கூடாது. அவர்களைக் கேட்காமல் எழுதப்படும் இன்னொரு பிரமாணப் பத்திரத்தைப் படிக்க நமக்குப் பொறுமை இல்லை.