மூளையின் பட்டினி

1980களில் இளைஞர்களாக இந்நாடுகளில் வந்திறங்கிய எம்மவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். பாரிசவாதம் எமது வீடுகளுக்கு அந்நியமான நோயன்று. எனினும் வாய் கோணி, நாக்குழறி, ஒரு பக்கக் கை சோர்ந்த பின்னரும் எண்ணெய் பூசி விடியும்வரை காத்திருக்கும் வழக்கம் எம்மை விட்டகலவில்லை. அம்புலன்சை அழைத்தால் எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 வீதமே. ஆயினும் ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 வீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் அதனிடம் இல்லை. குருதி கொண்டுவரும் ஒட்சிசனையும் குளுக்கோசையும் நம்பி அன்றாடங்காய்ச்சியாகவே வாழ்கிறது. குருதிக்குழாய் அடைபட்டால் மையப்பகுதி விரைவில் இறந்துவிடும். சூழவுள்ள பகுதி அரைப்பட்டினியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும் என்று வைத்தியர்கள் கூறுவது இதனாலேயே. சுவிற்சர்லாந்தில் 144, கனடாவில் 911, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. மொழி தெரியாவிடினும் அழையுங்கள்.

உயிர் தப்பியபின் நடப்பது இதனிலும் வேதனையானது. "மூளை போய்விட்டது" என்று வீட்டாரே தீர்ப்பெழுதிவிடுகின்றனர். ரஷ்யாவிற் பிறந்து சூரிச்சில் வாழ்ந்த நரம்பியல் அறிஞர் வொன் மொனாகோவ் (அவரும் புலம்பெயர்ந்தவரே) 1914 இல் வேறொன்றைக் கூறினார். காயத்திலிருந்து தொலைவிலுள்ள, சேதமுறாத பகுதிகளும் தொடர்பு அறுந்ததால் செயலடங்கிப்போகலாம். அவ்வடக்கம் காலப்போக்கில் நீங்கவும் கூடும் என்றார். அத்தகைய பகுதிகளில் சக்திப் பயன்பாடு குறைந்திருப்பதைப் பின்னாளில் மூளைப் படக்கருவிகள் காட்டின. அவை இறந்தவையல்ல. பேச்சும் நினைவும் மாதக்கணக்கில் மெல்ல மீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லோருக்கும் எல்லாம் மீளும் என நாம் கூறவரவில்லை.

ஆனால் மீட்சியை அளப்பது எம்மொழியில்? இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள் என்று ஜேர்மன் மொழியிற் கேட்கப்படும் தாய் மௌனமாயிருந்தால், அது நோயின் மௌனமா, மொழியின் மௌனமா? பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால், அப்பா பிழையாகச் சொன்னதை அன்பினாற் திருத்தியே சொல்லும். அதனால் அப்பாவின் குறைபாடு மறைந்து, உரிய பயிற்சியும் தவறிப்போகலாம். பயிற்றப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தரும்படி முதற் பரிசோதனைக்கு முன்னரே வைத்தியசாலையிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டியதில்லை.