எடுத்ததுக்கெல்லாம் போர் போடாதீங்க

கிணத்துல தண்ணி குறைஞ்சா போர் போடுங்கிறாங்க. டூ-ஸ்ட்ரோக் வண்டி மக்கர் பண்ணினாலும் போர் போடுங்கிறாங்க. ரெண்டுலயும் ஓட்டை விழுறது நம்ம பையிலதான்.

அப்பா விட்டுட்டுப் போன விஜய் சூப்பர் ஸ்கூட்டர் என்கிட்ட இருக்கு. பூர்வீகம் இத்தாலி. மிலன் நகரத்து இன்னொசென்டி கம்பெனியோட லாம்பிரட்டா அது. அந்த எந்திரங்களை வாங்கிட்டு வந்துதான் லக்னோவில் இந்த வண்டியைச் செஞ்சாங்க.

போன வருஷம் ஆக்சிலேட்டரை மூடினாலும் இரைச்சல் அடங்கலை. ஒருநாள் ரோட்டுலயே பிஸ்டன் பிடிச்சு நின்னுடுச்சு. மெக்கானிக் உடனே போர் போட்டு புது பிஸ்டன் மாட்டினார். ரெண்டே மாசத்துல மறுபடி பிடிச்சுக்கிச்சு. "பழைய வண்டிண்ணே, காயலான் கடையில போடுங்க"ன்னுட்டார்.

வேற ஒருத்தர் பிரிச்சுப் பார்த்தார். கிராங்க் ஆயில் சீல் காய்ஞ்சு வெடிச்சு, வெளிக்காத்தை இழுத்துக்கிட்டு இருந்தது. டூ-ஸ்ட்ரோக்குல ஆயில் பெட்ரோலோட கலந்துதான் உள்ளே போகுது. காத்து கூடினா கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். சீலை மாத்தாம எத்தனை போர் போட்டு என்ன? சிலிண்டர் சுவர் மெலியறதுதான் மிச்சம்.

தேய்ஞ்சிருந்தா போர் போடத்தான் வேணும், மறுக்கலை. ஆனா காரணத்தைக் கண்ணால காட்டச் சொல்லுங்க. புகை விடுற வண்டின்னு ஏசுறவங்களுக்கும் சொல்றேன்: ஆயிலைக் கண்ணளவுல ஊத்தாம அளந்து ஊத்துங்க, பாதிப் புகை அடங்கும்.

மாடு படுத்துக்கிட்டா என்ன நோவுன்னு பார்ப்போமா, எடுத்த எடுப்புல அடிமாட்டுக்கு ஓட்டுவோமா?