நயப்புரையும் நாவலும்

அடுத்த நாவல் எப்போது வெளிவரும் என்று வாசக அன்பர்கள் சிலர் கேட்டெழுதியிருக்கிறார்கள். திருத்தத்தில் இருக்கும் நாவல் ஒன்று, எழுதவேண்டிய மதிப்புரைகள் நான்கு, எழுதிக் கொடுத்த திரைக்கதை ஒன்று: என் மேசையின் இன்றைய நிலவரம் இதுவே. நாவலை மூன்றாம் முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வருகிற தைப்பொங்கலுக்கு அது வராது. தாமதத்திற்குக் காரணம் பணமுடை என்று நண்பர்கள் கருதுகிறார்கள். அது பாதிக் காரணந்தான்.

ஈழத்திலே நாவலாசிரியன் தானே பதிப்பாளனாகவும் இருப்பது புதுமையன்று. எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டு வந்த காலத்தை விட்டுவிட்டால், நம் எழுத்தாளரிற் பலரும் தங்கள் கைக்காசை எடுத்துக்கொண்டே அச்சகத்தின் படியேறினார்கள். மனைவியின் காப்பு அடைவுகடைக்குப் போன கதைகளும் உண்டு. 2022ஆம் ஆண்டிலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திற் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. நாவலாசிரியனுக்கு யார் கடதாசி தேடிக் கொடுக்கப் போகிறார்? எனது சென்ற நாவலை 300 பிரதிகள் அச்சிட்டேன். அவற்றுள் 40 இன்னும் கட்டிலின் கீழ் இருக்கின்றன.

ஆனால் தன் நூலைத் தானே அச்சிடுகிறவன் இழப்பது பணத்தை மாத்திரமன்று. ‘இந்த அத்தியாயம் வேண்டாம்’ என்று சொல்ல உரிமையுள்ள ஒருவரை அவன் இழந்துவிடுகிறான். அச்சக முகாமையாளர் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டே: எத்தனை பக்கம், எத்தனை பிரதி? பக்கம் கூடினால் அவருக்கு மகிழ்ச்சி.

அச்சகத்திலே கிடைக்காத கேள்வி வெளியீட்டு விழாவிலாவது கிடைக்குமா? நமது விழாக்களை அறியாதார் யார்? வரவேற்புரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, நயப்புரை, ஈற்றில் ஏற்புரை. நயப்புரை நிகழ்த்துகிறவர் பெரும்பாலும் முதல்நாள் இரவிலேதான் நூலைக் கையில் எடுத்திருப்பார். சபையிலே ஆசிரியரின் தாயார் முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அந்த இடத்தில் யார்தாம் குறை சொல்வார்? சொல்லவும் கூடாது, அது கல்யாண வீடு. அன்றிரவே முகநூலில் படங்கள் வந்துவிடுகின்றன. இவற்றையெல்லாம் நான் குறைகூறவில்லை. ஆனால் அதே நயப்புரை, தலைப்பை மாற்றிக்கொண்டு, அடுத்த வாரம் பத்திரிகையில் மதிப்புரையாகக் காட்சி தருகிறதே, அதைத்தான் என்னாற் பொறுக்க முடியவில்லை. கல்யாண வாழ்த்தைச் சாதகக் குறிப்பென்று எண்ணி மணமகன் ஏமாறுகிறான்.

க. கைலாசபதி தினகரனின் ஆசிரியராயிருந்த 1959–61 காலத்தையும், அறுபதுகளின் மரபுப் போராட்டத்தையும் கற்றவர்கள், அன்று எழுத்தாளர் ஒருவரையொருவர் இலகுவில் விட்டுவைக்கவில்லை என்பதை அறிவார்கள். கடுமை மிகுந்திருந்தது, கட்சி கட்டலும் இருந்தது, சில வேளைகளில் அநியாயமும் நடந்தது. ஆயினும் எதிரியின் நூலை எழுத்தெண்ணிப் படித்தார்கள். இன்று நண்பனின் நூலையே புரட்டிப் பார்த்துவிட்டுப் புகழ்கிறோம். இரண்டில் எது மரியாதை என்று கேட்டால், எதிரியின் பக்கமே நான் நிற்பேன்.

ஆகவே சில ஆண்டுகளாக நயப்புரைக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. நூலைக் காசு கொடுத்து வாங்கி, இரண்டு முறை படித்த பின்னரே மதிப்புரை எழுதுகிறேன். இதனால் நெருங்கிய நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக என்னோடு பேசுவதில்லை. அவருடைய நாவலின் பிற்பாதி அவசரத்தில் எழுதப்பட்டது என்று எழுதினேன். இன்றும் அதுவே என் எண்ணம். அவர் வீட்டுத் தேநீரை இழந்தது எனக்குச் சிறிய இழப்பன்று.

நிற்க. திரைக்கதை விஷயத்துக்கு வருகிறேன். கூலிக்காகவே அதை ஏற்றேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. (பேசிய தொகையில் அரைப்பங்கு இன்னும் வந்து சேரவில்லை.) ஆனால் கேட்டிராத ஒரு பயன் அங்கே எனக்குக் கிட்டியது. என் பழைய சிறுகதையொன்றை இளைஞர் சிலர் குறும்படமாக்க விரும்பினார்கள். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின், படகு வராத தலைமன்னார் இறங்குதுறைக்கு நாள்தோறும் போய்வரும் புகையிரத ஊழியர் ஒருவரின் கதை அது. அவருடைய ஏக்கத்தைக் கதையில் இரண்டு பக்கம் வருணித்திருந்தேன். படப்பிடிப்பாளராகிய இருபத்துமூன்று வயதுப் பெண் கேட்டாள்: “ஐயா, அந்த நேரம் அவர் கையால என்ன செய்யிறார்?” ஏக்கத்தைப் படம்பிடிக்க இயலாதல்லவா? விளக்கின் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றேன். “அப்ப அது காணும்” என்றாள். இரண்டு பக்கமும் போயின. எந்த விழா மேடையிலும் இப்படியொரு விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த விளக்கு இப்போது நாவலுக்குள்ளும் வந்திருக்கிறது.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944இல் நாவலாக வந்தது. 1963இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கியபோது திரைக்கதை எழுதியவர் விமர்சகரான றெஜி சிறிவர்த்தன. நாவலாசிரியர் ஒருவர், விமர்சகர் ஒருவர், நெறியாளர் ஒருவர் என மூன்று தலைகள் ஒரே கதையின்மேல் கவிந்து சிந்தித்தன. நம்மிலோ மூன்றையும் ஒருவனே சுமக்கிறான். அவனே எழுதி, அவனே அச்சிட்டு, அவனே மேசை போட்டு விற்று, நயப்புரைக்கு ஆளையும் அவனே தேடுகிறான்.

இந்த முறை, அச்சகத்திற்கு முன்னதாக, எனக்கு எவ்விதக் கடமைப்பாடும் இல்லாத மூவரிடம் நாவலின் கைப்பிரதியைக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் மன்னாரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர். ஏழாம் அத்தியாயத்தின் ஓரத்தில், “இது யாழ்ப்பாணத்து வாத்தியார் பேசுகிற பேச்சு, எங்கட சனம் பேசுறதில்லை” என்று பென்சிலால் எழுதி அனுப்பியிருக்கிறார். அவரோடு எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது, கடிதங்கள் போய்வருகின்றன. மற்றை இருவரின் பிரதிகள் திரும்பவில்லை. அவை வருமட்டும் அச்சகத்துக்கு முற்பணம் கட்டுவதில்லை என்றிருக்கிறேன்.

பத்திரிகாசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஒரு நூலின் வெளியீட்டு மேடையில் ஏறியவரிடம் அந்நூலுக்கு மதிப்புரை வாங்காதீர்கள். விழாச் செய்தியை விழாச் செய்தியாகவே படத்துடன் போடுங்கள். தாயார் வெட்டி வைத்துக்கொள்வார். மதிப்புரைக்கு நூலை எங்கோ முல்லைத்தீவிலோ அட்டனிலோ இருக்கும், ஆசிரியரின் முகமறியாத ஒருவருக்குத் தபாலில் அனுப்புங்கள். என் நாவலிலிருந்தே தொடங்கலாம். தபாற்செலவையும் நானே தருகிறேன்.