"டிரைவர் இல்லீங்க" என்றொரு பொய்

திருப்பூரில் ஒரு சர்வரைக் குப்பைக்கு அனுப்ப மூன்றே வார்த்தை போதும். "டிரைவர் இல்லீங்க, மாத்திடுங்க."

காட்சி வழக்கமானதுதான். ஒரு சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ். பத்துப் பதினைந்து கணினிகள், எல்லாவற்றிலும் விண்டோஸ், அதில் டேலி. ஃபைல்கள் எல்லாம் போய்ச் சேர மூலையில் ஒரு பழைய சர்வர், அதில் சென்ட்ஓஎஸ் 7. பையர் அனுப்பிய டெக் பேக், பேக்கிங் லிஸ்ட், ஜாப் ஒர்க் கணக்கு, டேலி பேக்கப் என்று முழுக் கம்பெனியும் அந்தப் பெட்டிக்குள். 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7-க்கு அப்டேட் நின்று போனது. சரி, அதே ரெட்ஹேட் வம்சத்தில் அடுத்த பதிப்பைப் போடலாம் என்று ஒருவர் உட்காருகிறார். இன்ஸ்டாலர் திறக்கிறது. டிஸ்க்கே இல்லை என்கிறது. நேற்று சாயங்காலம் வரை ஓடிய டிஸ்க்!

சர்வீஸுக்கு ஆள் வருகிறார். பார்க்கிறார். "கார்டு பழசுங்க. லினக்ஸ்ல இதுக்கு டிரைவர் இல்லீங்க." ஓனர் தலையில் கை வைக்கிறார். புது சர்வருக்கு கொட்டேஷன் வருகிறது.

இதில் கார்டு பழசு என்பது உண்மை. டிரைவர் இல்லை என்பது பொய். அந்தப் பொய்க்கு ஊர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

செத்துப் போகவில்லை, பட்டியலில் பேர் இல்லை

ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் என்பது டிஸ்க்குகளுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே நிற்கும் கார்டு. ஒவ்வொரு மாடலுக்கும் பிசிஐ எண் ஒன்று உண்டு. முதல் பாதி கம்பெனியைச் சொல்லும், அடுத்த பாதி மாடலை. எல்எஸ்ஐ கம்பெனிக்கு 1000. அதன் எஸ்ஏஎஸ்2008 சில்லுக்கு 0072. எல்எஸ்ஐ 9211-8ஐ, டெல் எச்200 போன்ற கார்டுகளில் இருப்பது இந்தச் சில்லுதான். (எல்எஸ்ஐ கம்பெனியை 2014-ல் அவாகோ வாங்கியது. 2016-ல் பிராட்காமையும் வாங்கி அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. பெயர்தான் மாறியது, எண் மாறவில்லை.)

கர்னல் எழும்போது இந்த எண்ணைப் படித்து, எந்த டிரைவரின் பட்டியலில் இது இருக்கிறது என்று தேடும். 1000:0072 இருப்பது எம்பிடி3எஸ்ஏஎஸ் என்ற டிரைவரின் பட்டியலில். எண் பொருந்தினால் டிரைவர் கார்டைப் பிடித்துக்கொள்ளும், டிஸ்க் தெரியும். பொருந்தாவிட்டால் கார்டு இருந்தும் இல்லாததுபோல.

2019 மே மாதம் வெளிவந்த ரெட்ஹேட் 8-ல் நடந்தது இதுதான். எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவர் அப்படியே இருந்தது. அதன் பட்டியலிலிருந்து பழைய கார்டுகளின் எண்களை மட்டும் அடித்துவிட்டார்கள். மெகாரெய்ட் டிரைவரிலும் இதே கதை. ரெட்ஹேட்டை அப்படியே பின்பற்றி வரும் இலவச லினக்ஸ்களுக்கும் அந்த வெட்டு சேர்ந்தே போய்ச் சேர்ந்தது. அதே டிரைவர் லினக்ஸின் மூலக் கர்னலில் அந்த எண்களோடு இருக்கிறது. டெபியனில் இருக்கிறது.

வாக்காளர் பட்டியலில் பேர் விட்டுப்போனால் அந்த ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தமா? பூத்தில் உட்கார்ந்திருப்பவர் அப்படிச் சொன்னால் ஊர் சும்மா விடுமா? சர்வர் கார்டு விஷயத்தில் மட்டும் எல்லாரும் தலையாட்டிவிட்டுக் காசை எடுத்து வைக்கிறார்கள்.

இது தொழில்நுட்பக் கட்டாயம் அல்ல, வியாபார முடிவு என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? 2024 மே மாதம் வந்த ஆல்மாலினக்ஸ் 9.4-ஐப் பார்க்கலாம். ரெட்ஹேட் அடித்துவிட்ட எண்களில் பலவற்றை எம்பிடி3எஸ்ஏஎஸ், மெகாரெய்ட் உள்ளிட்ட டிரைவர்களில் திரும்பச் சேர்த்து வெளியிட்டார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அடித்ததைத் திரும்ப எழுதினார்கள், அவ்வளவுதான். ஆல்மாவுக்கு மாற விருப்பமில்லாதவர்களுக்கு எல்ரெப்போ என்ற சமூகக் களஞ்சியம் இருக்கிறது. அதில் கிடைக்கும் டிரைவர் டிஸ்க்கை இன்ஸ்டாலர் எழும்போதே கொடுத்தால், காணாமல் போன டிஸ்க் திரும்ப வந்து நிற்கும்.

உண்மையான ஆபத்து எங்கே?

புது சர்வருக்குப் போகும் பணம்கூடப் பரவாயில்லை என்று விடலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது.

டிஸ்க் தெரியவில்லை என்றதும் அவசரக்காரர்கள் கார்டின் சொந்த மெனுவுக்குள் நுழைவார்கள். அங்கே 'இனிஷியலைஸ்', 'கிளியர் கான்ஃபிகரேஷன்' என்றெல்லாம் இருக்கும். டிஸ்க்கில்தான் கோளாறு என்று நினைத்து அதில் ஒன்றைத் தட்டினால், ஒரு கோளாறும் இல்லாத டிஸ்க்கில் இருந்த கணக்கு முழுதும் காலி. நோய் டிரைவர் பட்டியலில், ஆபரேஷன் டிஸ்க்கில்.

அந்தக் கணக்கு ஓனரின் சொந்த விருப்பத்துக்கு வைத்திருப்பதல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் 2013 கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகள். 2022-ல் வந்த திருத்தப்படி மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். "டிரைவர் இல்லீங்க, அதனால கணக்கும் இல்லீங்க" என்று ஆடிட்டரிடமோ அதிகாரியிடமோ சொல்ல முடியுமா?

எழுதித் தள்ளியது ஓடாதா?

பி.காம். படித்த யாருக்கும் தெரிந்த கணக்கு இது. வருமான வரி விதிகளின்படி கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம். ஒரு லட்ச ரூபாய் சர்வர் முதல் ஆண்டு முடிவில் 60,000. அடுத்து 36,000, 21,600, 12,960. ஐந்தாம் ஆண்டு முடிவில் 7,776. கம்பெனிச் சட்டமோ சர்வருக்கு 6 ஆண்டு ஆயுள் தருகிறது. ஆக, பத்து வருட சர்வர் கணக்குப் புத்தகத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

ஆனால் புத்தகத்தில் செத்தது வேறு, தரையில் ஓடுவது வேறு. இதைத் திருப்பூருக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? வெளிநாட்டில் கழித்துக் கட்டிய நிட்டிங் மெஷினை இறக்குமதி செய்து, சிலிண்டர் மாற்றி, ஊசி மாற்றித் துணி நெய்து காட்டிய ஊர் இது. கட்டிங் டேபிளுக்குக் கீழே விழும் துண்டுத் துணியைக்கூட வேஸ்ட் என்று பேர் வைத்து விலைக்கு விற்கும் ஊர். பவர் டேபிளில் மோட்டார் போனால் மோட்டாரை மாற்றுவார்களே தவிர டேபிளையே தூக்கிப் போட மாட்டார்கள். மெஷின் மெக்கானிக் வந்து "இது பழசுங்க" என்றால், "எந்தப் பார்ட் போச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்கும் அதே ஓனர், சர்வர் என்றதும் வாயை மூடிக்கொள்கிறார். திரையில் இங்கிலீஷில் வந்துவிட்டால் அது வேத வாக்கு போலும் :-)

மறுபக்கம்

ரெட்ஹேட் தரப்பில் நியாயமே இல்லை என்று ஜல்லியடிப்பது சரியல்ல. காசு வாங்கிக்கொண்டு பத்து வருடம் சப்போர்ட் தருவதாக எழுதிக் கொடுக்கும் கம்பெனி அது. தயாரித்தவரே கைவிட்ட கார்டுக்கு எந்த தைரியத்தில் உத்தரவாதம் தர முடியும்? டெஸ்ட் செய்ய ஆள், கார்டு, நேரம் எல்லாம் செலவுதான்.

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் "உத்தரவாதம் இல்லை" என்பதும் "ஓடவே விடமாட்டேன்" என்பதும் ஒன்றா? பராமரிப்பில் இல்லாத ஹார்டுவேர் என்று எச்சரிக்கை போட்டுவிட்டு ஓடவிடும் ஏற்பாடு அதே ரெட்ஹேட் கர்னலிலேயே இருக்கிறது. எச்சரிக்கை போதாதா? ஓனர் படித்துவிட்டு முடிவு செய்துகொள்ள மாட்டாரா?

ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளத்தில் இதைக் கையாளும் விதம் வேறு. மெகாரெய்ட் கார்டுகளில் சிலவற்றை எம்எஃப்ஐ, எம்ஆர்எஸ்ஏஎஸ் என்ற இரண்டு டிரைவர்களுமே ஓட்டும். யார் ஓட்டுவது என்பதை பூட் ஃபோல்டரில் உள்ள டிவைஸ் ஹின்ட்ஸ் ஃபைலில் ஒரே வரி எழுதி மாற்றலாம். அப்படி மாற்றினால் டிஸ்க்கின் பேரும் மாறும். எம்எஃப்ஐடி0 என்றிருந்தது டிஏ0 ஆகிவிடும். அதனால் டிஸ்க்கை லேபிள் வைத்துக் குறிப்பிட்டிருந்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் பூட் பாதியில் நிற்கும். தொல்லைதான். ஆனால் முடிவு பெட்டியின் சொந்தக்காரர் கையில் இருக்கிறது.

இன்னொரு பக்கத்து வாதமும் உண்டு. பழைய சர்வர் கரண்ட் தின்னும், கார்டின் பேட்டரி செத்திருக்கும், எல்எஸ்ஐ 1068 போன்ற இன்னும் பழைய சில்லுகள் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகப் பார்க்காது. எல்லாம் உண்மை. இந்தக் காரணங்களுக்காக மாற்றுகிறவர்கள் தாராளமாக மாற்றட்டும். அது கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு. சொல்லாத காரணத்துக்காக, தெரியாத விஷயத்துக்காக, வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட் இருக்கும்போது பயத்தில் எடுக்கும் முடிவுதான் கூடாது.

"லினக்ஸ்னாலே இப்படித்தான்"

இது காலேஜ் ஹாஸ்டல்களின் தேசிய கீதம். புது லேப்டாப்பில் லினக்ஸ் போடப்போனால் எஸ்எஸ்டி தெரியவில்லை, ஆகவே லினக்ஸ் மட்டம்.

2016-ல் லெனோவோ யோகா 900 லேப்டாப்பில் இதே பிரச்சினை வெடித்தது. இன்டெல்லின் ரெய்ட் மோடுக்குள் எஸ்எஸ்டி ஒளிந்துகொண்டதால் லினக்ஸுக்குத் தெரியவில்லை, பயாஸில் ஏஹெச்சிஐ மோடுக்கு மாற்றும் வழியும் தரப்படவில்லை. கூச்சல் கிளம்பிய பிறகு அதற்கென்று தனி பயாஸ் வந்தது. ஒரு செட்டிங்கை மறைத்து வைத்ததுதான் மொத்தக் கோளாறும்.

அதைவிட வேடிக்கை, இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகி இருந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கே எஸ்எஸ்டி தெரிவதில்லை. இன்டெல் டிரைவரைப் பென்டிரைவில் வைத்துக் கொடுத்தால்தான் தெரியும். லினக்ஸ் கர்னலிலோ விஎம்டி டிரைவர் உள்ளேயே இருக்கிறது. அப்போது மட்டும் "விண்டோஸ்னாலே இப்படித்தான்" என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஓனர்கள் லினக்ஸ் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று, கார்டின் பிசிஐ எண் என்ன? எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை ஒரு நொடியில் சொல்லிவிடும். எண்ணைச் சொல்லத் தெரியாதவர் "டிரைவர் இல்லை" என்று எதை வைத்துச் சொன்னார்?

இரண்டு, டெபியன் லைவ் பென்டிரைவில் பூட் செய்து பார்த்தாயிற்றா? எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், எதையும் எழுத வேண்டாம். அதில் டிஸ்க் தெரிந்தால் கார்டும் நலம், டிஸ்க்கும் நலம். முதல் வேலையாக டேட்டாவை வெளியே காப்பி எடுத்துவிடலாம்.

மூன்று, இனிட்ராம்எஃப்எஸ்-ஸில் டிரைவர் இருக்கிறதா? இது தனிக் கதை. டிஸ்க்கைத் திறக்க டிரைவர் வேண்டும், டிரைவரோ டிஸ்க்குக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியதுபோல. அதனால்தான் பூட் ஆகும்போதே மெமரிக்கு வரும் சின்னப் பொட்டலம் ஒன்றில் டிரைவரை முன்கூட்டியே கட்டி வைக்கிறார்கள். ரெட்ஹேட் வகையறா அந்த மெஷினுக்குத் தேவையானதை மட்டுமே கட்டும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கார்டு உள்ள சர்வரில் போட்டால் பூட் ஆகாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். ரெஸ்க்யூ மெனுவில் நுழைந்து, டிராகட் கட்டளையில் டிரைவர் பேரைச் சேர்த்துப் பொட்டலத்தைத் திரும்பக் கட்டினால் முடிந்தது. இதற்கும் "போர்டு போச்சுங்க" என்று பில் போடுகிறவர்கள் உண்டு.

இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகும் புது சர்வர்தான் வேண்டும் என்றால் சந்தோஷமாக வாங்கலாம். பதிலே வராவிட்டால் மாற்ற வேண்டியது சர்வரை அல்ல, சர்வீஸுக்கு வரும் ஆளை.

டிஸ்கி: எந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும், சர்வரைத் தொடுவதற்கு முன் பேக்கப் எடுத்தாயிற்றா என்பது பூஜ்ஜியமாவது கேள்வி.