கழுத்தில் கட்டின கட்டை

காமிரா வாங்குகிறவனிடம் கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுக்கிறார். அதற்குள் காமிரா இருக்கிறது, பாட்டரி இருக்கிறது, யாரும் படிக்காத ஒரு புஸ்தகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், சுருட்டி மடித்து, ஒரு வார் இருக்கிறது. அதன்மேல் கம்பெனியின் பெயர், பத்தடி தூரத்தில் நிற்கிறவனும் படிக்கும்படி கொட்டை எழுத்தில். வாங்கினவன் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அந்த வாரைக் கோத்து, காமிராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன்னால் போய் நிற்கிறான்.

எனக்கு அந்த வாரோடுதான் சண்டை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் காமிரா வாரில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அக்கறை வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஆடிப் பெருக்கன்று பாபநாசத்தில் குடமுருட்டிப் படித்துறைக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கின காமிரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. படி நிறையப் பெண்கள். காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் நூல். பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பாசிப் படியில் ஒரு கிழவர் வழுக்கினார். பிடிக்கலாம் என்று குனிந்தேன். கிழவர் தாமாகவே சமாளித்து நின்றுவிட்டார். என் கழுத்திலிருந்த காமிரா மட்டும் ஊஞ்சல் மாதிரி முன்னால் வீசிப் போய், சப்பரம் இழுத்து வந்த ஐந்து வயதுப் பெண்ணின் நெற்றியில் ‘ணங்’ என்று இடித்தது. கண்ணுக்கு அரை அங்குலம் மேலே. நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

குழந்தை அழக்கூடத் தோன்றாமல் என்னைப் பார்த்தாள். அவளுடைய பாட்டிதான் வாயைத் திறந்தாள்.

“ஏன் தம்பி, பயிர் மேயற மாட்டுக்குக் கட்டை கட்டினாப்ல இதை என்னத்துக்குக் கழுத்துல கட்டிக்கிட்டு அலையறே? நீ யார் வீட்டு வயல்ல மேஞ்சே?”

பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வேலி தாண்டுகிற மாட்டின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவது உண்டு. தொண்டுக்கட்டை என்று பெயர். நின்று மேய்ந்தால் ஒன்றும் செய்யாது. ஓடினால் முன்னங்காலில் அடிக்கும். ஓடாமலிருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட சாதனம் அது. கழுத்தில் தொங்கும் காமிராவுக்கு இதைவிடச் சரியான உவமையை நான் இன்று வரையில் எழுதினதில்லை.

கழுத்து வார் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயக் காப்டன் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினவர். அவருடைய சாமான்கள் மாட்டு வண்டியில் வந்தன. அதாவது அன்றைக்குப் பாரம் மாட்டின் கழுத்தில்தான் இருந்தது. மனிதன் கழுத்துக்கு அது வந்து சேர நாளாயிற்று. 1929இல் ஜெர்மனியில் ரோலிபிளெக்ஸ் வந்தது. இரண்டு கண் வைத்த பெட்டி. நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் காமிராவுக்குக் கழுத்து வார் பொருத்தமானது. வாரைக் கீழ்நோக்கி இறுக்கிப் பிடித்தால் காமிரா ஆடாது. பிறகு கண்ணிலே வைத்துப் பார்க்கிற காமிராக்கள் பெருகின. 1959இல் ஜப்பானிலிருந்து நிக்கான் எப் வந்தபின் தொழில்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஜாதிக்கு மாறினார்கள். காமிரா நெஞ்சிலிருந்து கண்ணுக்கு ஏறிவிட்டது. வார் மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை. ஏன் இறங்க வேண்டும்? கம்பெனிக்குச் செலவில்லாத விளம்பரப் பலகை அது. சம்பளம் வாங்காமல் அதைச் சுமக்க நாம் இருக்கிறோம்.

“கம்பெனிக்காரன் தெரியாமலா கொடுக்கிறான்?” என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டையோடு குண்டூசியும்தான் கொடுக்கிறான். குத்திக்கொண்டேவா திரிகிறோம்?

பாரம் சுமப்பதைப் பற்றிக் காவிரிக் கரைக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குடம் இடுப்பில் இருக்கும். நெல்லுமூட்டை முதுகில் இருக்கும். கட்டு தலையில் இருந்தால் அடியில் சும்மாடு இருக்கும். ஸ்வாமி புறப்பாட்டில் தவில்காரரைப் பாருங்கள். அத்தனை கனமான வாத்தியத்தைத் துணி வாரில் தோளிலிருந்து தொங்கவிட்டு, நாலு வீதியும் நின்று நடந்து வாசிக்கிறார். தவிலைக் கழுத்திலிருந்து நேரே தொங்கவிட்டு ஒரு வீதி வாசித்துக் காட்டுங்கள் என்று அவரிடம் சொன்னால் கோலாலேயே அடிப்பார். எந்தப் பாரத்தையும் கழுத்தில் கட்டக் கூடாது என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். போட்டோக்காரருக்கு மட்டும் மறந்துபோயிற்று.

உல்லாசத்துக்குப் படமெடுக்கிறவனைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. சனிக்கிழமை வண்டியேறி வந்து, திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தை நாலு பக்கமும் எடுத்துவிட்டு, நூற்றெட்டு சிவாலயத்தில் வரிசை வரிசையான லிங்கங்களுக்கு நடுவே மார்பில் இரண்டு காமிராக்கள் ஒன்றோடொன்று மோதித் தாளம் போட நடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்புகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் காமிரா ஒரு பதக்கம். பதக்கத்தை மார்பில்தான் குத்திக்கொள்வார்கள். திங்கட்கிழமை கழுத்து சரியாகிவிடும்.

நான் நினைப்பது கல்யாணத்துக்குப் படமெடுக்கிறவரை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்று கூப்பிட்டுப் பழக்கம். பெரிய காமிரா ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் மாட்டுகிற நல்ல லென்ஸ் இன்னொரு கிலோ. தூரத்துக்கு நீள லென்ஸ் போட்ட இரண்டாவது காமிரா இரண்டரை கிலோவுக்குக் குறையாது. இரண்டும் கழுத்தில். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பில் ஆரம்பித்தால், ராத்திரி பதினொரு மணி வரையில் மேடையில் வரிசையாக வருகிறவர்களை எடுக்க வேண்டும். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி. மனிதனுடைய தலையே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அதைத் தூக்கி நிறுத்துவதுதான் கழுத்துக்கு ஏற்பட்ட வேலை. அதில் இன்னொரு தலை கனத்தை முன்பக்கமாகக் கட்டி இழுத்தால் என்ன ஆகும்? அண்ணன் இருபத்தெட்டு வருஷம் இழுத்தார். இப்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறார். வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போகிறது. வயதும் ஒரு காரணம் என்கிறார் டாக்டர். இருக்கட்டும். வயதை நம்மால் கழற்றி வைக்க முடியாது, வாரைக் கழற்றலாம்.

“ஏன் அண்ணே, தோளில் குறுக்கே போட்டுக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்டேன்.

“கழுத்துல கெடந்தாத்தான் தம்பி போட்டோக்காரன்னு வழி விடுவாங்க” என்றார்.

இதற்கு என்னிடம் சட்டென்று பதிலில்லை. கல்யாணக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கிடையாது. பந்தியில் கடைசி இலை. காமிரா ஒன்றுதான் அவருக்கு அந்தஸ்து என்று ஆக்கிவைத்திருக்கிறவர்கள் நாம்தான். கூலி பேசும்போது எத்தனை ஆல்பம், எத்தனை பக்கம் என்று கறாராகப் பேசுகிறோமே, மனுஷன் எத்தனை மணி நேரம் நிற்பார் என்று யாராவது பேசினதுண்டா?

ஹோமாய் வியாரவல்லா என்று ஒரு அம்மாள் இருந்தார். 1913இல் பிறந்து 2012இல் காலமானவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படக்காரர். புடவை கட்டிக்கொண்டு, காமிராச் சுமையோடு டில்லி வீதிகளில் சைக்கிளில் போய்ப் படமெடுத்தவர். மௌண்ட்பேட்டன் முதல் நேரு வரையில் அத்தனை பேரும் அவர் காமிராவுக்குள் அகப்பட்டார்கள். 1950இல் ரமணர் சமாதியடைந்த சமயம் திருவண்ணாமலைக்கு வந்திருந்த கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், தம் சின்ன லைக்காவின் பளபளப்பைக் கறுப்பு நாடாவால் மறைத்து வைத்தவர். காமிரா கண்ணில் படக் கூடாது என்பது அவர் கட்சி. பதக்கமாகப் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை.

எப்படிச் சுமப்பது? குறுக்கே. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. ஜோல்னாப் பை போடுகிற விதம்தான். எழுத்தாளர்கள் உலகத்துக்கு அளித்த கொடை அது ஒன்றாவது மிஞ்சட்டும். லென்ஸ் பின்பக்கமாகக் கீழே பார்த்திருக்க வேண்டும். வாரின் நீளம், காமிரா இடுப்பெலும்பில் உட்காரும் அளவு. அதற்குக் கீழே போனால் தொடையில் அடிக்கும். மேலே வந்தால் கண்ணுக்கு எட்டாது. வார் இரண்டு அங்குல அகலம் இருக்கட்டும், தோளில் வழுக்காத துணியாக இருக்கட்டும். நடக்கும்போது கை அதன் மேல் சும்மா கிடக்க வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது முன்னால் நகர்த்திக்கொள்ளலாம். குனிகிறபோது ஒரு கை காமிராவின் மேல் இருக்க வேண்டும். இதை நான் ஒரு குழந்தையின் நெற்றி வழியாகக் கற்றுக்கொண்டேன்.

காமிராவின் அடியில் இருக்கும் கால் அங்குலத் திருகு ஓட்டையில் மாட்டுகிற வார் இப்போது கடையில் கிடைக்கிறது. சௌகரியமானதுதான். ஆனால் நடக்க நடக்க அந்தத் திருகு கழன்றுகொண்டே வரும். காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம் கட்டைவிரலால் முடுக்கிப் பார்க்க வேண்டும். மேலே இருக்கிற வளையத்தோடு ஒரு சின்னக் கயிறும் போட்டுவைக்க வேண்டும். நீள லென்ஸ் போட்டிருந்தால் காமிராவைப் பிடித்துத் தூக்காதீர்கள்; லென்ஸைச் சுற்றியிருக்கும் காப்பைப் பிடித்துத் தூக்குங்கள். வாரின் நுனியைக் கொக்கிக்குள் திரும்பச் செலுத்தி, ஒரு விரல் நீளம் மிச்சம் விடுங்கள். ஆயுத பூஜையன்று காமிராவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, அன்றைக்காவது வளையம் தேய்ந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கலாம்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் காமிராவை மார்பில் தொங்கவிடுவது பைத்தியக்காரத்தனம். விழுந்தால் நெஞ்செலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது அதுதான். டாங்க் மேல் வைப்பதும் கூடாது. எஞ்சினின் அதிர்ச்சி காமிராவுக்குள் இருக்கும் நுட்பமான உறுப்புகளுக்கு ஆகாது. டெலிபோன் காமிராவுக்கே அது ஆகாது என்று 2021இல் ஆப்பிள் கம்பெனி எச்சரித்தது. பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். பையும் கம்பெனி பெயர் போட்ட பையாக வேண்டாம். திருடனும் படித்தவன். தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை நாலாக மடித்து உள்ளே வைத்த கித்தான் பை போதும்; ரேஷன் கடைக்குப் போகிறவன் என்று விட்டுவிடுவான்.

தோல் உறை அழகாகத்தான் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் அதற்குள் காமிராவை மூடி வைத்துப் பாருங்கள், லென்ஸில் பூசணம் சிலந்திவலை கட்டிவிடும். வீட்டில் காமிராவை உறைக்கு வெளியே வையுங்கள். நெற்களஞ்சியத்து ஊர் என்பதற்காக அதை அரிசிப் பானைக்குள் புதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈரம் போகிறதோ இல்லையோ, தவிடு உள்ளே போகும்.

என் கட்சிக்கு விரோதமான ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குறுக்கே வார் போட்டவனிடமிருந்து ஓடுகிற மோட்டார் சைக்கிளில் வந்து ஒருவன் காமிராவைப் பிடுங்கினால், காமிராவோடு ஆளும் போவான். சங்கிலித் திருட்டில் இதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே ரோட்டோரம் நடக்கும்போது காமிரா சுவர்ப் பக்கமாக இருக்கட்டும். வேலையில்லாத நேரத்தில் பைக்குள் இருக்கட்டும். காமிராவைவிட ஆள் பெரிது என்பதால்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

சந்தையில் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்கு இரட்டைத் தோள்பட்டை விற்கிறார்கள். இரண்டு காமிரா தூக்குகிறவருக்கு நல்லதுதான். அந்தப் பணம் அண்ணனிடம் ஏது? பழைய இரும்புக் கடையில் நசுங்கின கார் ஒன்றின் சீட் பெல்ட்டை வாங்கி, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, இரண்டு முனையிலும் குறுகலான நாடாவை வைத்து நாலு வரி தைத்து இரண்டு வார் செய்தோம். தையல் கூலியைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம், எக்ஸ் மாதிரி. அண்ணன் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் மேலும் கீழும் நடந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைப் பார்த்து, “போலீஸ்காரன் மாதிரி இருக்கேனே!” என்றார். தை மாசம் முழுவதும், பதினொரு கல்யாணம், அதோடுதான் எடுத்தார். வழி விட்டார்களா என்று கேட்டேன். “போலீஸ்னு நெனச்சாங்களோ என்னமோ, முன்னைக்கு இப்ப சீக்கிரம் விடுறாங்க” என்றார்.

கம்பெனி பெயர் போட்ட அந்தப் பழைய வாரைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை. சைக்கிள் காரியரில் சாப்பாட்டுக் கூடையைக் கட்ட வைத்துக்கொண்டிருக்கிறார். நன்றாகவே பிடிக்கிறதாம்.