பின்னச்சுக் கணக்கு

மயிலிட்டியில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு சிக்கலோடு நம்மை நாடி வந்தார். அவருடைய தந்தையார் விட்டுச் சென்ற ஆறு உருளை ஒஸ்ரின் கார் பற்றியது அச்சிக்கல். 1990 ஆம் ஆண்டு மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது அக்குடும்பத்தைச் சுமந்து சென்ற வண்டி அது. பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடியது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய காணிகளில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்ட பின்னர், அதே வண்டியில்தான் அவர்கள் ஊர் திரும்பினர். அத்தகைய வண்டியை விற்க யாருக்குத்தான் மனம் வரும்?

“ஐயா, கண்டி வீதியில் 70 கிலோமீற்றரில் போனால் ஓர் ஊளைச் சத்தம் எழுகிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழல்கிறதாம். பின்னச்சின் பற்சக்கரங்களை மாற்றினால் தீருமாம். இங்கிலாந்திலிருந்து ஒரு சோடி வருவிக்கலாம். ஆனால் விலையோ எங்கள் வீட்டுக் கிணற்றைக் கட்டி முடிக்க வைத்திருக்கும் பணம்” என்றார் அவர்.

பணத்தை எண்ணுமுன் பற்களை எண்ணிப் பார்ப்போம் என்றோம்.

எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டியைக் கடந்து, நீண்டதொரு தண்டின் வழியே பின்னச்சை அடைகிறது. அங்கே பினியன் என்னும் சிறு சக்கரம், கிரவுண் வீல் என்னும் பெருஞ் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுக்க வருவதே பின்னச்சு விகிதம். அவருடைய வண்டியில் உள்ளவை 43 பற்களும் 11 பற்களும், விகிதம் 3.909. வருவிக்க எண்ணியவை 39, 11, விகிதம் 3.545. எண் கூடினால் இழுவை கூடும், எஞ்சின் மிகுதியாகச் சுழலும். எண் குறைந்தால் எஞ்சின் அமைதியாக ஓடும், ஏற்றத்தில் இழுவை குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுத்தே ஆக வேண்டும்.

காரைச் செய்தவர்களும் இக்கணக்குக்கு அடங்கியவர்களே. 1959 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி 3000 என்னும் ஆறு உருளைக் காரை எடுத்துக்கொள்வோம். ஓவர்டிரைவ் இல்லாத வண்டிக்கு 3.545 விகிதத்தையும், ஓவர்டிரைவ் உள்ள வண்டிக்கு 3.909 விகிதத்தையும் கொடுத்தார்கள். ஓவர்டிரைவ் அவ்விகிதத்தை 0.82 ஆற் பெருக்கி ஏறத்தாழ 3.2 ஆக்கிவிடும். ஆகவே ஏற்றத்துக்கு இழுவையும் நெடுஞ்சாலைக்கு அமைதியும் ஒரே வண்டிக்கு வாய்த்தன. ஹீலியோ இலேசான விளையாட்டுக் கார். குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளையும் சுமக்கும் கனத்த காருக்கு அதன் அளவு அப்படியே பொருந்தாது.

இனி நம் மாணவரின் கணக்கு. ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீற்றர். மணிக்கு 70 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 1,167 மீற்றர். சக்கரம் 583 முறை சுழல வேண்டும். 3.909 ஆற் பெருக்கினால், ரொப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,280 முறை சுழலும். 3.545 ஆயின் 2,070. கிணற்றுப் பணத்தைக் கொடுத்துப் பெறும் ஆதாயம் 210 சுழற்சிகளே! அதே குடும்பத்து ஹீலி எஞ்சின் தன் முழு வலுவைத் தருவது 4,600 சுழற்சியில். அதிற் பாதியளவு சுழல்வதற்கு எந்த எஞ்சினும் ஊளையிடாது.

மேலும், கியர்ப்பெட்டியிலிருந்து இயங்கும் வேகமானி பழைய விகிதத்துக்கு அமைந்தது. அதனைத் திருத்தாது விட்டால் வண்டி 70 இல் ஓடும்போது முள் 63 அல்லது 64 ஐயே காட்டும். அது ஆபத்தன்றோ?

அப்படியாயின் சத்தம் எங்கிருந்து வந்தது? ஆளரவமற்ற நேர் வீதியில் வண்டியை ஓட்டி, கியரை நியூற்றலுக்குக் கொணரச் சொன்னோம். எஞ்சின் அடங்கியது; ஊளை அடங்கவில்லை. பழுது எஞ்சினில் இல்லை என்பது தெளிவாயிற்று. பின்னச்சைத் திறந்து பார்த்த மெக்கானிக், எண்ணெய் கசிந்து வற்றியிருந்ததையும் பினியனின் பெயறிங் தேய்ந்திருந்ததையும் காட்டினார். பெயறிங்கும் எண்ணெய் அடைப்பும் மாற்றப்பட்டன, ஊளை நின்றது.

விகிதத்தை மாற்றுவது எப்போதும் வீண் என்று நாம் கூறவில்லை. மேடு பள்ளமற்ற நம் குடாநாட்டில் மட்டும் தனியாளாக ஓடுபவருக்கு 3.545 நன்றே. ஆறு உருளை எஞ்சின் குறைந்த சுழற்சியிலும் திணறாது இழுக்கும். ஆனால் நம் மாணவர் ஆண்டுதோறும் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு ஏறுபவர். அது கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். பினியனும் கிரவுண் வீலும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்திய சோடி. ஒன்றை மட்டும் மாற்றவும் கூடாது, கைதேர்ந்தவரன்றி வேறெவரும் பொருத்தவும் கூடாது.

மாணவர்களே, வகுத்தலும் பெருக்கலும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. ஒரு பழைய கொப்பியின் அரைப் பக்கத்தில் எழுதிய இக்கணக்கு ஒரு வீட்டுக் கிணற்றைக் காத்தது. அக்கிணற்றில் இப்போது தண்ணீர் அள்ளுகிறார்கள்.