கிழங்கு ஒண்ணும் ஏழைத் தீனி இல்லை

‘கிழங்கா? வாயுப்பா! சுகர் ஏறும்!’ பட்டணத்துச் சொந்தக்காரங்க மரவள்ளியைப் பார்த்ததும் சொல்ற மந்திரம் இது. அதே ஆளுங்கதான் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுல மரவள்ளி சிப்ஸ் வாங்குறாங்க, விசேஷத்துக்கு ஜவ்வரிசிப் பாயசம் வைக்கிறாங்க. நம்ம ஊர் ஜவ்வரிசியும் மரவள்ளி மாவுதானே? பொரிச்சா ஆகும், பாயசமானா ஆகும், அவிச்சா மட்டும் ஆகாதா?

போடிமெட்டைத் தாண்டினா இடுக்கி. அங்க கப்பையும் மீன்குழம்பும் விருந்தாளிக்குப் போடுற சாப்பாடு. 1880-கள்ல திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளியை ஊக்குவிச்சார். 1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சு அரிசி வரத்து நின்னப்போ, அங்க ஏழை உலையில வெந்தது இந்தக் கிழங்குதான். 1963-ல திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல கிழங்குப் பயிருக்குன்னே மத்திய ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. இந்தப் பக்கத்து மலையிலயும் பளியர்கள் காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டித்தான் தலைமுறை தலைமுறையா பசியாறினாங்க. ஏலக்காய் என்ன விலை வித்தாலும் அதைத் தின்னு வயிறு நிரப்ப முடியாது.

பயப்படுறதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. மரவள்ளியில, அதுலயும் கசப்பு ரகத்துல, சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு. தோலை உரிச்சு, துண்டு போட்டு, நிறையத் தண்ணியில மூடாம வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். புரதமும் கம்மி. அதுக்குத்தான் கூட மீனு, இல்லேன்னா பயறு. சுகர்காரங்க சோத்துக்கு மேல திங்காம, சோத்துக்குப் பதிலா அளவா சாப்பிடணும். அரிசிக்கு மட்டும் அளவு கிடையாதா என்ன?

எங்க கஷ்டம் வேற. பிடுங்கின ரெண்டு மூணு நாள்ல கிழங்கு உள்ளே கறுத்துப் போகும். நெல்லு மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. வீட்டுக்கு வாங்குற ஆள் இல்லேன்னா வியாபாரி சொன்னதுதான் விலை.

கம்பையும் தினையையும் இப்படித்தான் ஏழைத் தீனின்னு ஒதுக்குனீங்க. ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டுன்னு சொன்னதும் கடை கடையா தேடுனீங்க. மரவள்ளிக்கும் எவனாவது ஒரு ஆண்டு கொடுக்கணுமா? வாரத்துல ஒரு ராத்திரி சோறு வடிக்காம, கிழங்கை அவிச்சு, காந்தாரி மிளகாயும் உப்பும் நசுக்கி வச்சுச் சாப்பிடுங்க. பத்து வீடு அப்படி வாங்கினா, பிடுங்கின அன்னைக்கே விக்கும். விலையை நாங்க சொல்லலாம்.